விடை வந்த வழி

கணிப்பொறி கணக்கில் தவறு செய்யுமா? இப்படி ஒரு கேள்வியை எழுப்பினால், "மனிதன் தவறாகக் கொடுத்தால் அது தவறாகச் சொல்லும், மற்றபடி தவறாது" என்றுதான் பெரும்பாலோர் விடை கூறுவர். 1994ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி இந்த நம்பிக்கையை அசைத்துவிட்டது.

அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து லிஞ்ச்பர்க் கல்லூரியில் தாமஸ் நைஸ்லி என்பவர் கணிதப் பேராசிரியராக இருந்தார். 11, 13 என்றும், 17, 19 என்றும், 29, 31 என்றும் இரண்டு எண் இடைவெளியில் இணையாக வரும் பகா எண்கள் உள்ளன அல்லவா? அவற்றை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். அவற்றின் தலைகீழிகளைக் கூட்டிக்கொண்டே போவது அவருடைய ஆராய்ச்சி. பல கணிப்பொறிகளை இதற்காக அவர் ஓடவிட்டிருந்தார். புதிதாக வந்த பென்டியம் கணிப்பொறி ஒன்றையும் அவற்றோடு சேர்த்தார். ஜூன் மாதத்தில் பார்த்தால், விடைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை.

அவர் என்ன செய்தார்? குற்றம் எங்கே இருக்கக்கூடும் என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். தாம் எழுதிய நிரலில் பிழையா? அதை இயந்திர மொழிக்கு மாற்றிக் கொடுத்த கம்பைலரில் பிழையா? கணிப்பொறியின் வேறு உறுப்புகளில் பிழையா? ஒவ்வொன்றையும் மாற்றி வைத்துப் பார்த்தார். அக்டோபர் மாதத்தில்தான் உண்மை தெரிந்தது. பென்டியம் சில்லில் வகுத்தலைச் செய்யும் பகுதியிலேயே பழுது இருந்தது. 4195835 என்ற எண்ணை 3145727 என்ற எண்ணால் வகுத்தால் 1.3338 என்று வரவேண்டும். அந்தச் சில்லு 1.3337 என்றது. 900 கோடி வகுத்தல்களில் ஒன்றில்தான் இப்படி நேரும் என்று சில்லைச் செய்த இன்டெல் நிறுவனம் கணக்குக் காட்டியது. ஆயினும் கேட்டவர்க்கெல்லாம் சில்லை மாற்றிக் கொடுக்க அது ஒப்புக்கொண்டது. அதற்காக 47 கோடியே 50 லட்சம் டாலர் ஒதுக்க வேண்டியதாயிற்று.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது நம்மவர் பழமொழி. சமையலுக்கு அது பொருந்தும். கணிப்பொறிக் கணக்குக்கு அது பொருந்தாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டிற்று. மற்றொரு பாடமும் இதில் உண்டு. பேராசிரியர் பிழையைக் கண்டுபிடிக்க முடிந்ததற்குக் காரணம், விடை வந்த வழியில் இருந்த உறுப்புகளைத் தனித்தனியே எடுத்து ஐயப்பட அவருக்கு இடம் இருந்ததுதான். எல்லாம் மூடிய பெட்டியாக இருந்திருந்தால் அவர் என்ன செய்திருக்க முடியும்?

இந்தப் பாடத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, வெளியே அதிகம் தெரியாத ஒரு பணியைப் பற்றி இன்று நாம் அறிந்துகொள்வோம். கணித மென்பொருள்களை, மூலநிரலிலிருந்தே கட்டிக்கொள்ளும் லினக்ஸ் கணிப்பொறிகளுக்காகப் பொதி கட்டித் தருவதுதான் அந்தப் பணி. பெயரைக் கேட்டால் மலைப்பாக இருக்கலாம். ஒவ்வொரு சொல்லாகப் பிரித்துப் பார்த்தால் எளிதில் விளங்கிவிடும்.

முதலில், கணித மென்பொருள் என்பது என்ன? கூட்டல் கழித்தல் செய்யும் கருவியைப் பற்றி நாம் பேசவில்லை. சமன்பாட்டைத் தீர்ப்பது, பல்லுறுப்புக் கோவையைக் காரணிப்படுத்துவது, பெரிய எண்களின் பகாக் காரணிகளைக் காண்பது போன்ற வேலைகளைச் செய்யும் மென்பொருள் அது. பிரான்சின் போர்தோ நகரில் 1985ஆம் ஆண்டளவில் தோன்றிய 'பாரி' எண் கணிதத்தில் வல்லது. 1986ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஆஹன் நகரில் தொடங்கப்பட்ட 'கேப்' குலங்களைப் பற்றிய கணிதத்தில் தேர்ந்தது. ஜெர்மனியின் கைசர்ஸ்லவுட்டர்ன் நகரில் வளர்ந்த 'சிங்குலர்' பல்லுறுப்புக் கோவைகளைக் கையாள்கிறது. 'மாக்சிமா' என்பதன் வேர், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கழகத்தில் 1968ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு திட்டத்தில் இருக்கிறது. வரம்பில்லாத நீளமுள்ள எண்களைப் பெருக்கவும் வகுக்கவும் 1991ஆம் ஆண்டு முதல் 'ஜி.எம்.பி.' என்ற துணைநிரல் இருந்து வருகிறது. துணைநிரல் என்றால், பல மென்பொருள்கள் தங்களுக்குப் பொதுவாக வைத்துக்கொண்டு பயன்படுத்தும் நிரல் என்று கொள்ளலாம்.

2005ஆம் ஆண்டில் வில்லியம் ஸ்டைன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர், இவற்றையெல்லாம் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவர முனைந்தார். அவ்வாறு உருவானதுதான் 'சேஜ்' என்னும் மென்பொருள். ஏற்கெனவே நன்றாக ஓடும் சக்கரங்களைப் புதிதாகச் செய்ய அவர் விரும்பவில்லை. பைத்தான் மொழியை நடுவில் வைத்து, பாரி, கேப், சிங்குலர், மாக்சிமா முதலியவற்றை அதனோடு இணைத்தார். பெரும் விலை கொடுத்து வாங்க வேண்டிய கணித மென்பொருள்களுக்கு ஈடாக, எவரும் விலையின்றிப் பெற்று, உள்ளே திறந்தும் பார்க்கக்கூடிய ஒன்றை உலகுக்குத் தர வேண்டும் என்பது அவர் நோக்கம்.

உள்ளே திறந்து பார்ப்பது என்றோம். அங்கேதான் மூலநிரல் வருகிறது. மனிதர் படிக்கும்படி எழுதப்படுவது மூலநிரல். அதைக் கம்பைலர் இயந்திர மொழிக்கு மாற்றுகிறது. பெரும்பாலான மென்பொருள்கள் மாற்றப்பட்ட நிலையிலேயே நம் கைக்கு வருகின்றன. அரைத்துப் பொட்டலம் கட்டி விற்கும் மசாலைத் தூளைப் போன்றவை அவை. வாங்கியவுடன் குழம்பில் போடலாம். ஆனால் உள்ளே என்ன, எவ்வளவு என்பதைப் பொட்டலக்காரர்தான் அறிவார். மல்லி, மிளகாய், சீரகம், மஞ்சள் ஆகியவற்றைத் தனித்தனியே வாங்கி, குறிப்பைப் பார்த்து வீட்டிலேயே அரைத்துக்கொள்பவர்களும் உண்டு. லினக்ஸ் உலகில் ஜென்டூ என்னும் வழங்கல் இந்த இரண்டாவது வகையைச் சேர்ந்தது. டேனியல் ராபின்ஸ் என்பவர் தொடங்கிய இதன் முதலாம் பதிப்பு 2002ஆம் ஆண்டு வெளிவந்தது. விரைந்து நீந்தும் ஒரு பெங்குவின் பறவையின் பெயரை இதற்குச் சூட்டினார்கள்.

ஜென்டூவில் ஒரு மென்பொருளை நிறுவ வேண்டுமானால், அதற்குரிய செய்முறைக் குறிப்பு ஒன்று இருக்க வேண்டும். அதை 'ஈபில்டு' என்று அழைக்கிறார்கள். மூலநிரலை எங்கிருந்து எடுப்பது, எந்த உரிமத்தின்கீழ் அது வெளியிடப்பட்டது, கட்டுவதற்கு முன் வேறு எவையெல்லாம் கணிப்பொறியில் இருக்க வேண்டும், எந்த வரிசையில் கட்டி, சோதித்து, உரிய இடத்தில் வைப்பது ஆகிய அனைத்தையும் அந்தக் குறிப்புக் கூறும். மூலநிரல் வழியில் எவராலும் மாற்றப்படவில்லை என்பதை உறுதிப்படுத்த, அதற்குரிய சரிபார்ப்பு எண்கள் தனியே பதியப்பட்டிருக்கும். 'போர்ட்டேஜ்' என்னும் கருவி இந்தக் குறிப்பைப் படித்து வேலையை முடிக்கும். இவ்வாறு குறிப்பு எழுதுவதைத்தான் பொதி கட்டுதல் என்கிறோம். இதைச் செய்பவர்கள் ஊதியம் பெறாத தொண்டர்கள்.

பயனாளரின் விருப்பத்துக்கும் அங்கே இடம் உண்டு. 'யூஸ் கொடி' என்று ஒன்றை ஏற்றியோ இறக்கியோ, ஒரு மென்பொருளில் எந்தப் பகுதி வேண்டும், எது வேண்டாம் என்று அவர் சொல்லலாம். எடுத்துக்காட்டாக, மாக்சிமா லிஸ்ப் மொழியில் எழுதப்பட்டது. லிஸ்ப் மொழிக்குப் பல செயலாக்கங்கள் உண்டு. மாக்சிமாவை அவற்றுள் பலவற்றின்மீது கட்டலாம். ஆனால் சேஜ் தன்னுள் மாக்சிமாவை அழைத்துக்கொள்வது 'ஈ.சி.எல்.' என்ற ஒரு செயலாக்கத்தின் வழியாகத்தான். ஆகவே, சேஜுக்கான குறிப்பை எழுதுபவர், "மாக்சிமா இருந்தால் போதாது, ஈ.சி.எல். கொடி ஏற்றப்பட்ட மாக்சிமா வேண்டும்" என்று எழுதி வைக்க வேண்டும். அந்த ஒரு சொல் விடுபட்டால், எங்கோ ஒரு நாட்டில் ஒரு மாணவரின் கணிப்பொறியில் சேஜ் ஓடாது.

இனி, இதில் உள்ள சிக்கலைப் பார்ப்போம். தொடக்கத்தில் சேஜ் பல மென்பொருள்களைத் தன் வயிற்றுக்குள் சுமந்துகொண்டே வந்தது. பைத்தான் மொழியைக்கூடத் தன் சொந்தப் படியாகவே வைத்திருந்தது. அவற்றில் பலவற்றைத் தன் தேவைக்கேற்பத் திருத்தியும் வைத்திருந்தது. சேஜின் ஆசிரியர்கள் இப்படிச் செய்ததில் நியாயம் இருக்கிறது. எல்லாரிடமும் ஒரே உறுப்புகள், ஒரே பதிப்புகள் இருந்தால், எல்லார்க்கும் ஒரே விடை கிடைக்கும்.

பொதி கட்டுபவர்களின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே கணிப்பொறியில் ஒரு பாரி இருக்கும்போது, சேஜுக்குள் இன்னொரு பாரி எதற்கு? ஒன்றில் ஒரு பிழை திருத்தப்பட்டால், மற்றொன்றில் அது திருத்தப்படாமல் கிடக்கும். எந்தப் படியிலிருந்து விடை வந்தது என்பதும் குழப்பமாகிவிடும். எனவே, ஜென்டூவின் ஆர்வலர்கள் சேஜைப் பிரித்துக் கட்ட முற்பட்டார்கள். முதன்மைத் தொகுதிக்கு வெளியே ஒரு துணைத்தொகுதியை அமைத்து, உள்ளே கிடந்த ஒவ்வொன்றையும் வெளியே எடுத்து, தனித்தனிப் பொதியாக்கி, பல ஆண்டுகள் இதைச் செய்தார்கள்.

அப்படிப் பிரித்தவுடன் என்ன நேர்ந்தது? சோதனைகள் தவறின. சேஜின் விளக்க உரைகளிலேயே ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகள் உண்டு. "இதைக் கேட்டால் இந்த விடை வரவேண்டும்" என்று அவற்றில் எழுதப்பட்டிருக்கும். அவற்றையே சோதனைகளாக ஓடவிடலாம். எழுதியிருக்கும் விடையும் வந்த விடையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகாவிட்டால், சோதனை தவறியது என்று கணிப்பொறி அறிவிக்கும். அவ்வாறு தவறும் சோதனைகளை நாம் மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதல் வகையில், இரண்டு விடையுமே சரி. ஒரு கோவையின் காரணிகளை ஒரு பதிப்பு ஒரு வரிசையில் தரும். மற்றொரு பதிப்பு வேறு வரிசையில் தரும். நீள்வளைவரையில் ஒரு புள்ளியைக் கேட்டால், ஒன்று அந்தப் புள்ளியைத் தரும். மற்றொன்று அதன் எதிர்ப்புள்ளியைத் தரும். கணிதம் அறிந்தவர் இவற்றைப் பார்த்துப் பதற மாட்டார்.

இரண்டாம் வகையில், கடைசி இலக்கங்கள் மாறும். கணிப்பொறி தசம எண்களை ஏறக்குறைய 16 இலக்கம் வரைதான் வைத்துக்கொள்கிறது. 0.1, 0.2 ஆகிய இரண்டையும் கூட்டச் சொன்னால், அது 0.30000000000000004 என்று கூறும். கூட்டும் வரிசை மாறினாலும் விடை மாறும். 1 என்ற இலக்கத்துக்குப் பின் 16 சுழிகள் கொண்ட எண்ணோடு 1ஐக் கூட்டி, பிறகு அந்தப் பெரிய எண்ணைக் கழித்தால் கணிப்பொறிக்கு 0 கிடைக்கும். முதலில் கழித்துவிட்டுப் பிறகு 1ஐக் கூட்டினால் 1 கிடைக்கும். வேகத்தை நாடி, வரிசையை மாற்றிக்கொள்ளலாம் என்று கம்பைலருக்கு உரிமை கொடுப்பவர்கள் மூலநிரல் வழங்கல்களில் உண்டு. சாதாரணப் பயன்பாட்டுக்கு அது பெரிய கேடு செய்யாமல் போகலாம். கணித மென்பொருளுக்கு அது நஞ்சு. மேலும், ஓப்பன்பிளாஸ் போன்ற துணைநிரல்கள் ஒவ்வொரு வகைச் சில்லுக்கும் தனித்தனி நிரலை வைத்திருக்கின்றன. ஆகவே இரண்டு கணிப்பொறிகளில் கடைசி இலக்கம் வேறுபடுவது இயல்பே. இதற்காகவே, "இவ்வளவு வேறுபாடு இருக்கலாம்" என்று சோதனையிலேயே எல்லை குறிக்கும் வசதி சேஜில் உண்டு.

மூன்றாம் வகைதான் உண்மையான பிழை. விடை தவறு. பாரியிலோ, சிங்குலரிலோ, கம்பைலரிலோ, பொதி கட்டியவரின் குறிப்பிலோ எங்கோ ஒரு குற்றம் இருக்கிறது.

நேயர்களே, இந்த மூன்றையும் பிரித்தறிவதுதான் பொதி கட்டுபவரின் உண்மையான வேலை. கணிப்பொறிக்கு மூன்றும் ஒன்றே. "தவறியது" என்ற ஒரே சொல்லைத்தான் அது சொல்லும். இரவு நேரத்தில், களைத்த கண்களோடு, தவறிய சோதனைகளின் பட்டியலைப் பார்க்கும் தொண்டருக்கு ஒரு சபலம் எழுவது இயற்கை. "இது கடைசி இலக்கந்தானே, எல்லையைச் சற்று அகலமாக்கிவிட்டால் என்ன? இந்த ஒரு சோதனையை நீக்கிவிட்டால் என்ன?" ஜென்டூவில் பயனாளரின் கணிப்பொறியில் சோதனைகள் தாமாக ஓடுவதில்லை, அவர் விரும்பிக் கேட்டால்தான் ஓடும். ஆதலால் பொதி கட்டியவர் பார்க்காமல் விட்டதைப் பயனாளரும் பார்க்காமலே போகக்கூடும்.

சபலத்துக்கு இடங்கொடாதவர்கள்கூடத் தவறிவிடக்கூடும் என்பதற்கு வேறொரு வழங்கலில் நடந்த நிகழ்ச்சி சான்றாகும். டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலில், 2006ஆம் ஆண்டு, மறைகுறி வேலைகளைச் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற துணைநிரலுக்குப் பொதி கட்டியபோது ஒரு திருத்தம் செய்யப்பட்டது. பிழை தேடும் கருவி ஒன்று சில வரிகளைக் காட்டி எச்சரிக்கை தந்துகொண்டே இருந்தது. அந்த வரிகள் நீக்கப்பட்டன. எச்சரிக்கை நின்றது. ஆனால், எவரும் ஊகிக்க முடியாத எண்களை உண்டாக்கும் சக்தியும் அந்த வரிகளோடு போய்விட்டது. அப்போது அதை யாரும் உணரவில்லை. கோடானுகோடி இரகசியச் சாவிகளுக்கு இடம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வகைக் கணிப்பொறியில் ஒரு குறிப்பிட்ட அளவுச் சாவிக்கு 32,768 சாவிகளே இருக்க முடிந்தது. 2008ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் இது வெளிப்பட்டது. உலகெங்கும் அந்தச் சாவிகளைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதியவற்றைச் செய்துகொள்ள நேர்ந்தது.

இதனால் நாம் அறிவது என்ன? எச்சரிக்கையை நிறுத்துவது வேறு. காரணத்தைத் தெரிந்துகொள்வது வேறு. நல்ல பொதி கட்டுபவர் தாம் செய்த திருத்தத்தைத் தம்மிடமே வைத்துக்கொள்ள மாட்டார். மென்பொருளின் மூல ஆசிரியர்களுக்கு அதை அனுப்பி, "இது சரிதானா? ஏன்?" என்று கேட்பார். பதில் வரும்வரை பொறுத்திருப்பார். புதிய பொதியை உடனே "நம்பத்தக்கது" என்று அறிவித்துவிடாமல், சோதனை நிலையில் வழக்கமாக 30 நாளாவது வைத்துப் பார்ப்பதும் ஜென்டூவின் வழக்கம்.

அந்தப் பொறுமைக்குப் பலனும் கிடைத்தது. சேஜைப் பிரித்துக் கட்டியவர்கள் ஜென்டூவில் மட்டும் இருக்கவில்லை. டெபியன், ஆர்ச் முதலிய வழங்கல்களிலும் இருந்தார்கள். அவர்கள் கண்ட பிழைகளும் அனுப்பிய திருத்தங்களும் மூல ஆசிரியர்களிடம் போய்ச் சேர்ந்தன. 2019ஆம் ஆண்டளவில் சேஜே தன் வழியை மாற்றிக்கொள்ளத் தொடங்கியது. கட்டப்படும்போது, "இந்தக் கணிப்பொறியில் ஏற்கெனவே தகுந்த பாரி இருக்கிறதா? ஜி.எம்.பி. இருக்கிறதா?" என்று பார்த்து, இருந்தால் அதையே பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு வந்தது. மூடியிருந்த பெட்டி, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் மெல்ல மெல்லத் திறக்கப்பட்டது.

மூலநிரலிலிருந்து கட்டுவதற்கு விலையும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. நேரம் செல்லும், மின்சாரம் செலவாகும். சேஜையும் அதைச் சார்ந்தவற்றையும் கட்டி முடிக்கப் பழைய கணிப்பொறிக்குப் பல மணி நேரம் பிடிக்கும். ஜென்டூவும் இதை உணர்ந்து, 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், முன்கூட்டியே கட்டப்பட்ட பொதிகளைப் பெருமளவில் வழங்கத் தொடங்கியது. அரைக்க நேரம் இல்லாதவர் அரைத்ததை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அரைத்த முறை எழுதிய குறிப்பு எல்லார் கண்ணுக்கும் முன்னால் அப்படியே இருக்கிறது. வேண்டும்போது எவரும் அதை எடுத்து, தாமே அரைத்து, ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இந்தப் பணிக்கு உள்ள உண்மையான ஆபத்து வேறு. கணிதமும் தெரிந்து, கணிப்பொறியும் தெரிந்து, பொறுமையும் உள்ளவர்கள் மிகச் சிலரே. அவர்களில் ஒருவர் ஓய்ந்துவிட்டால், அவர் பராமரித்த பொதிகள் அநாதையாகின்றன. கவனிக்க ஆளின்றிப் பழுதுபட்டுப் போன பொதியை நீக்குவதற்கு முன், ஜென்டூவில் ஓர் அறிவிப்பு வரும். 'இறுதிச் சடங்கு' என்றே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கமாக 30 நாள் தவணை தருவார்கள். அதற்குள் எவரும் முன்வராவிட்டால், பொதி தொகுதியிலிருந்து எடுக்கப்பட்டுவிடும். மூலநிரல் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். ஆனால் அதைக் கட்டும் குறிப்பும், இன்ன உறுப்போடு இன்ன உறுப்புப் பொருந்தும் என்ற அறிவும் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்துபோகும்.

1976ஆம் ஆண்டில், எந்த நிலப்படத்துக்கும் நான்கு வண்ணங்கள் போதும் என்பதை அப்பெல், ஹாக்கன் ஆகிய இருவர் கணிப்பொறியின் துணையோடு நிறுவினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமைப்புகளைக் கணிப்பொறி சரிபார்த்தது. மனிதர் ஒருவர் உட்கார்ந்து முழுமையாகப் படித்துப் பார்க்க முடியாத அந்த நிரூபணத்தை ஏற்கலாமா என்று அன்றே பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி இன்று இன்னும் பெரிதாகியிருக்கிறது. பாலத்தின் பளுவையும் வங்கியின் மறைகுறியையும் புயலின் திசையையும் கணக்கிட்டுச் சொல்பவை கணிப்பொறிகளே. அவற்றின் விடையை நாம் நம்பித்தான் ஆகவேண்டும். அந்த நம்பிக்கை கண்மூடித்தனமாக இராமல் இருக்க ஒரே வழி, ஐயம் எழுந்த நாளில் திரும்பி நடந்து பார்க்க ஒரு பாதை இருப்பதுதான்.

அந்தப் பாதையில் முள் வளராமல் வெட்டிவைப்பவர்கள் இந்தப் பொதி கட்டுபவர்கள். கணிதமும் கணிப்பொறியும் பயிலும் இளைஞர்கள், தாங்கள் நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு மென்பொருளையாவது எடுத்து, அதன் கட்டும் குறிப்பை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அதன் சோதனைகளை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். தவறியது ஒன்று கண்ணில் பட்டால், ஏன் தவறியது என்று கேட்க வேண்டும். விடை தெரிந்ததும் அதைத் தங்களோடு வைத்துக்கொள்ளாமல், உரியவர்களுக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆள் குறைந்த இடத்தில் அந்த ஒரு கடிதமே பெரிய துணையாக இருக்கும்.